இருநூற்றுப் பத்து மீட்டர்

ஃபைபர் வளராது. மழை பெய்தால் துளிர்ப்பதற்கு அது முருங்கைக் கொம்பு இல்லை. கண்ணாடியில் இழுத்த முடி அது. பதித்த அன்று என்ன நீளமோ, பிடுங்குகிற அன்றும் அதே நீளம்தான். ஆனால் மே மாதம் முதல் தேதி விடியற்காலை, தென்காசியில் இன்டர்நெட் மெஷின்கள் இருக்கிற என் மெயின் ரூமில் உட்கார்ந்து அளந்தபோது, குற்றாலத்துக்குப் போகும் என் ஃபைபர் இருநூற்றுப் பத்து மீட்டர் வளர்ந்திருந்தது.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தேன். மூன்றாவது முறையும் அதே எண். ஏப்ரல் முதல் தேதி எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது மீட்டர். இன்று எட்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது. டைரியில் எழுதி அடியில் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டேன். அப்போது எனக்குக் கோபம் வந்தது என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். நிஜத்தில் வந்தது சந்தோஷம். ஒரு வழியாகத் திருடன் அகப்பட்டான் என்ற சந்தோஷம்.

இப்படி மாதா மாதம் யாரும் அளப்பதில்லை. ஃபைபரின் ஒரு முனையில் ஒளியைச் செலுத்தி, எத்தனையாவது மீட்டரில் இணைப்பு இருக்கிறது, எங்கே அறுந்திருக்கிறது என்று காட்டுகிற மெஷின் ஒன்று இருக்கிறது. லைன் போனால் எடுப்பார்கள், சரியானதும் பையில் போட்டுவிடுவார்கள். நான் ஒருவன்தான் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லைனை, ஊர் எழுந்திருக்கும் முன் ஐந்து நிமிடம் நிறுத்தி அளந்து பார்க்கிறவன். என் மனைவி இதைப் பற்றிச் சொல்லும்போது, "இவுக கோயில்ல திருநீறு வாங்கினாக்கூட மோந்து பாத்துட்டுத்தான் பூசுவாக" என்பாள். உண்மைதான். காய்கறிக் கடையில் தராசுத் தட்டின் அடியைக் குனிந்து பார்க்கிற ஆள் நான். அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை. இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் நிற்கிறேன் என்றால் அந்தக் குணத்தால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வீடு மேலகரம். இருபது வருஷம் அக்கம்பக்கத் தெருக்களில் கேபிள் டிவி கனெக்‌ஷன் கொடுத்தவன். எல்லாரும் டிவியை அணைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்ததும், அதே கம்பங்களில் இன்டர்நெட் கட்ட ஆரம்பித்தேன். முன்பு என்னைப் போன்றவன் இன்டர்நெட் விற்க லைசென்ஸ் வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. பிறகு அரசாங்கம் விதிகளைத் தளர்த்தியது. சின்ன ஆட்களும் விற்கலாம். பெரிய கம்பெனி தரைக்கடியில் பதித்து வைத்திருக்கிற ஃபைபரில் உபரி இழை இருந்தால் அதைச் சின்ன ஆட்களுக்கு வாடகைக்குத் தர வேண்டும். தர முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்துப் போனது. எழுத்தில் என்ற சொல்லுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு, அந்தக் காகிதத்தை லேமினேட் செய்து ரூமில் மாட்டினேன்.

பெரிய கம்பெனி எது என்று எழுதப் போவதில்லை. இன்றும் அவர்களிடம்தான் குடியிருக்கிறேன். தென்காசியில் என் ரூமிலிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலம் ஐந்தருவி ரோடு வரை, அவர்களுடைய கேபிளுக்குள் இரண்டு இழை எனக்கு வாடகை. போக ஒன்று, வர ஒன்று. ஜோடி என்று சொல்வோம். அந்த ஒரு ஜோடியில்தான் என் பிழைப்பு தொங்குகிறது.

சொந்தமாகப் பதித்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பார்கள். நெடுஞ்சாலைத் துறை, பேரூராட்சி, ஆற்றுப் பாலம் என்று ஒவ்வொன்றுக்கும் அனுமதி வாங்கிப் பள்ளம் தோண்டி முடிக்க என் ஆயுள் போதாது. கம்பத்தில் கட்டி இழுக்கலாம். குற்றாலத்துக் குரங்குகள் விடாது. என் கேபிள் மேல் அவற்றுக்குத் தனிப் பிரியம். பெரிய கம்பெனி கேபிளை மட்டும் அவை கடிப்பதில்லையோ என்றுகூட எனக்கு ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது. ஒரு வாரம் நின்று பார்த்தேன். எல்லாவற்றையும்தான் கடிக்கின்றன.

அந்த வருஷம் எனக்கு ஒரு நெருக்கடி. ஐந்தருவி ரோட்டில் பதினொரு லாட்ஜ்கள் என் வாடிக்கையாளர்கள். ஆனி, ஆடியில் சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்டினால் லாட்ஜில் படுக்க இடம் இருக்காது. வருகிறவர்கள் குளித்துவிட்டு எண்ணெய் வழிய வந்து முதலில் கேட்பது வைஃபை பாஸ்வேர்டு. போன சீசனில் ஒரு சனிக்கிழமை பகல் முழுக்க லைன் இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு லாட்ஜ்காரர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். அவர்கள் சார்பில் பேச வந்த மேனேஜர் ஒருவர் என்னிடம் நேராகச் சொன்னார்.

"அண்ணாச்சி, ஒரு லைன நம்பி இனிமே முடியாது. ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கணும். சீசனுக்கு முன்னால ரெண்டாவது லைன் கொண்டு வாங்க. இல்லன்னா பெரிய கம்பெனிக்காரன் வாசல்லயே நிக்கான், அவன்ட்ட மாறிக்கிடுதோம். தப்பா நெனைக்காதிய."

பதினொரு லாட்ஜும் போய்விட்டால் மெயின் ரூமைப் பூட்டிச் சாவியை மனைவி கையில் கொடுத்துவிட வேண்டியதுதான். வீட்டு கனெக்‌ஷன்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஜோடிக்கு வாடகை கட்ட முடியாது.

அதே ரோட்டில் பெரிய கம்பெனிக்குப் பழைய கேபிள் ஒன்றும் உண்டு. கொஞ்சம் சுற்றிக்கொண்டு, ரோட்டின் மறுபக்கமாகப் போகும். அதில் ஒரு ஜோடி கேட்டு ஜனவரியிலேயே விண்ணப்பம் போட்டேன். பிப்ரவரியில் பதில் எழுத்தில் வந்தது. பழைய கேபிள் முழுவதும் பழுதடைந்துள்ளது, உபரி இழை இல்லை, சாத்தியமில்லை. மூன்றே வரி. கையெழுத்துப் போட்டிருந்தவர் அவர்களுடைய தென்காசி அதிகாரி. தங்கமான மனிதர் மாதிரியே பேசுவார். போன் எடுத்தால் முதலில் நம் உடம்பை விசாரிப்பார். அப்படி உடம்பை விசாரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

பதில் வந்த வாரத்திலேயே அவர்களுடைய விற்பனை ஆட்கள் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினார்கள். எனக்கு இல்லாத இழை அவர்களுக்கு மட்டும் எங்கிருந்து முளைத்தது? அன்று முதல் அந்த ரோட்டில் நடக்கிற எதையும் நான் சும்மா பார்க்கவில்லை.

இந்தச் சூழ்நிலையில்தான் மே மாதம் முதல் தேதி என் ஃபைபர் வளர்ந்தது.

டைரியைப் பின்னால் புரட்டினேன். ஏப்ரல் நடுவில் ஒரு நாள் மத்தியானம் நாற்பது நிமிடம் லைன் இல்லாமல் போய்த் தானாகவே திரும்பி வந்திருக்கிறது. தானாக வந்தது என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறியும் போட்டிருந்தேன். கேபிளில் எதுவும் தானாக நடக்காது. யாரோ என் ஜோடியை எடுத்து வேறு வழியாகத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அந்த வழி இருநூற்றுப் பத்து மீட்டர் கூட. ஏன் திருப்ப வேண்டும்? சீசன் உச்சத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்துக் கத்தரித்துவிட்டால் லாட்ஜ்கள் எல்லாம் அவர்கள் மடியில் போய் விழும். அதற்கு இப்போதே கண்ணி வைக்கிறார்கள். வேறு எந்தக் காரணமும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றினாலும் உட்கார வைத்திருக்க மாட்டேன்.

யார் கை என்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ரோட்டோரம் மூடி போட்டிருக்கிற பெரிய கம்பெனியின் கேபிள் குழிகளைத் திறக்கிறவன் ஒரே லைன்மேன்தான். அச்சன்புதூர்க்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். கம்பெனியின் ஆளும் இல்லை, காண்ட்ராக்டரின் ஆள். எந்தக் குழியில் எந்த நிற இழை எதோடு சேர்ந்திருக்கிறது என்பது கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருப்பதைவிட அவன் தலையில் ஒழுங்காக இருக்கும். நானும் அவனும் எத்தனையோ தடவை ஒரே குழிக்குள் தலையைக் கொடுத்து வேலை பார்த்திருக்கிறோம். என் வீட்டில் அவன் சாப்பிட்டிருக்கிறான். அதையெல்லாம் சந்தேகத்துக்குத் தடையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்குத்தானே எங்கே வெட்டினால் வலிக்கும் என்று தெரியும்.

மேலகரம் தாண்டி ரோடு வளைகிற இடத்தில் ஒரு குழி இருக்கிறது. புதிய கேபிளும் பழைய கேபிளும் சந்திப்பது அங்கேதான். ஒரு வாரம் காலையும் மாலையும் பைக்கை அந்தப் பக்கமாகவே விட்டேன். நான்காம் நாள் அவன் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே குனிந்திருந்தான். என் பைக் சத்தம் கேட்டதும் மூடியை இழுத்துப் போட்டுவிட்டு எழுந்தான்.

"என்ன தம்பி, இங்கன?"

"சும்மா பாத்தேன் அண்ணாச்சி. தண்ணி கிண்ணி எறங்கிருக்கான்னு."

"ரெண்டு வாரமா மழையே இல்லியே."

"அதுக்கில்ல, சும்மாதான்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "ஒங்க லைன் நல்லா ஓடுதுல்லா அண்ணாச்சி?"

அந்தக் கேள்விதான் எனக்குப் போதுமானதாக இருந்தது. நல்லா ஓடுது என்று சொல்லிவிட்டு நேராக வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

இந்த விதிகளைப் போட்ட தொலைத்தொடர்பு ஆணையத்தின் இணையதளத்தில் புகார்ப் பக்கம் ஒன்று உண்டு. இரண்டு பக்கம் எழுதினேன். என் அனுமதி இல்லாமல் என் இழையில் கை வைத்திருக்கிறார்கள், ஆதாரமாக ஏப்ரல், மே அளவுகள் இணைத்துள்ளேன், வித்தியாசம் இருநூற்றுப் பத்து மீட்டர். ஆணையம், கம்பெனி, நான் என மூன்று தரப்பும் இருக்கும்போது குழிகளைத் திறந்து கூட்டாய்வு செய்ய வேண்டும். ஆய்வு முடிந்ததும் குழிகளுக்கு சீல் வைக்க வேண்டும், மூன்று தரப்பின் கையெழுத்து இல்லாமல் யாரும் திறக்கக் கூடாது. மழையில் அழியாதபடி சீல் காகிதத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட வேண்டும் என்று கடைசியில் சேர்த்தேன். இப்படி யோசிப்பதற்கு ஒரு மூளை வேண்டும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

மனைவி பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வாடிக்கையாளர் போன்களை எடுப்பவள் அவள்தான். லைன்மேனை அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

"ஏங்க, அனுப்புததுக்கு முன்னால அந்தத் தம்பிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்களேன்."

"கேட்டா உஷாராயிருவான்."

"உஷாராவட்டுமே. கேட்டா என்ன கொறஞ்சா போயிருவீய?"

"ஒனக்குத் தெரியாது. மூடிய இழுத்துப் போட்டான் பாரு, அந்த மூஞ்சிய நீ பாக்கல."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அனுப்பு என்கிற பட்டனை அழுத்தினேன்.

வைகாசி முடிகிற சமயம் ஆய்வு நடந்தது. ஆணையத்தின் சார்பில் மதுரையிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். பெரிய கம்பெனியின் தென்காசி அதிகாரி வந்து வழக்கம்போல் என் உடம்பை விசாரித்தார். குழிகளைத் திறந்து காட்ட லைன்மேன். அவனுக்கு எதற்காக இந்த ஆய்வு என்று காலையில்தான் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பார்த்தான், வணக்கம் சொல்லவில்லை. குற்றவாளிக்கு முகம் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதலில் மெஷினை வைத்து அளந்தார்கள். எட்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது. ஆய்வாளர் என் டைரியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒழுங்கா யாரும் வச்சிருக்கிறதில்ல சார்" என்றார். நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன். பிறகு வளைவில் இருந்த குழியைத் திறந்தார்கள். உள்ளே இழைகள் சேருகிற கறுப்பு டப்பாவை வெளியே எடுத்து லைன்மேனே மூடியைக் கழற்றினான். புதிய கேபிளிலிருந்து என் ஜோடி வெளியே வந்து, பழைய கேபிளின் இரண்டு இழைகளோடு ஒட்டப்பட்டிருந்தது. அந்த ஒட்டில் ஒரு சின்ன வெள்ளை நூல் முடிச்சுப் போட்டிருந்தது.

அந்த நூலைப் பார்த்ததும் என் கை என் சட்டைப் பைக்குப் போயிற்று.

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கைமாத்து என்று சொல்வோம். யாருடைய லைனாவது அறுந்து, சரி செய்ய நாளாகும் என்றால், பக்கத்துக் கேபிளில் சும்மா கிடக்கிற இழையை இன்னொருவர் கொடுத்து உதவுவார். கம்பெனி வேறாக இருந்தாலும் கொடுப்பார்கள். காகிதம் கிடையாது, அனுமதி கிடையாது. வேலை முடிந்ததும் திருப்பி விட்டுவிட வேண்டும். அடுத்து அந்த டப்பாவைத் திறக்கிறவன் தெரியாமல் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த இழையில் ஒரு வெள்ளை நூலை முடிந்து வைப்பார்கள். நூல் கட்டிய இழையை எவனும் தொட மாட்டான். நானே கொடுத்திருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன். என் சட்டைப் பையில் எப்போதும் நூல் கண்டு ஒன்று இருக்கும். ஆனால் இருநூற்றுப் பத்து மீட்டரைப் பார்த்த நாளிலிருந்து கைமாத்து என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு நினைவுக்கு வரவில்லை. வருஷக்கணக்காக மனு எழுதி எழுதி, மனுவில் எழுத முடியாத எதையும் என்னால் யோசிக்க முடியாமல் போய்விட்டது.

"இது என்ன நூல்?" என்று ஆய்வாளர் கேட்டார்.

அதிகாரி லைன்மேனைப் பார்த்தார். லைன்மேன் டப்பாவைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஏப்ரல்ல இங்கன ரோடு வேலைக்குத் தோண்டுனாவ சார். அதுல அண்ணாச்சி ஜோடி நசுங்கிப் போச்சு. முறைப்படி கம்ப்ளைன்ட் போட்டா சரி பண்ண ஒரு மாசம் ஆவும். பழைய கேபிள்ல நல்ல இழை சும்மா கெடக்கு. அதான் இந்தக் குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவுல மாத்தி விட்டேன்."

"யாரைக் கேட்டுச் செஞ்சே?" என்றார் அதிகாரி.

"யாரயும் கேக்கல சார்."

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்கு இது தெரியுமா? நீங்க கேட்டுத்தான் செஞ்சாரா?"

ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் அந்த நேரத்துக்குள் எல்லாக் கணக்கும் எனக்குத் தெளிவாக ஓடியது. தெரியும், நான்தான் கேட்டேன் என்று சொன்னால், வாடகை கட்டாத இழையை உபயோகித்தவன் நான் ஆவேன். புகார் பொய்யாகிவிடும், என் ஒப்பந்தமும் போய்விடும். ஆனால் அவன் ஒரு வாடிக்கையாளர் கேட்டதால் செய்துவிட்டான் என்று திட்டு வாங்கிக்கொண்டு தப்பித்துப் போவான். தெரியாது என்று சொன்னால் பழைய கேபிளில் நல்ல இழை இருக்கிறது என்பது மூன்று பேர் முன்னால் நிரூபணம் ஆகிவிடும். எனக்கு இரண்டாவது ஜோடி கிடைக்கும். அவன் கம்பெனிச் சொத்தில் கை வைத்தவன் ஆவான்.

"தெரியாது சார்" என்றேன்.

அது உண்மைதான். சத்தியமாக எனக்குத் தெரியாது. என் வாழ்நாளில் நான் சொன்ன உண்மைகளில் நினைத்தால் வெட்கமாக இருப்பது அது ஒன்றுதான்.

லைன்மேன் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை. குழிக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறவனைப் போல் ஒரு தடவை பார்த்துவிட்டு டப்பாவை மூட ஆரம்பித்தான்.

சீல் வைக்கும் காகிதங்களில் ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். நான் போட்டேன். அதிகாரி போடும்போது லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றி எனக்கு இன்றும் சந்தேகம் இருக்கிறது. பழைய கேபிள் நன்றாக இருப்பது அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். கைமாத்து கூடத் தெரிந்திருக்கலாம். இந்த ரோட்டில் சின்ன ஆட்களுக்குக் கை கொடுக்கிற ஒரே ஆளை, அவர் விரல் அசைக்காமல், சின்ன ஆள் ஒருவனே எழுத்தில் கேட்டு அகற்றிக் கொடுத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. இழை பழுது என்று எழுதிய கடிதத்துக்கு, பதிவேட்டில் ஏதோ பிழை என்று ஒரு வரி விளக்கத்தோடு அவர் வெளியே வந்துவிட்டார்.

எல்லோரும் ஜீப்பில் ஏறிய பிறகு லைன்மேன் தன் பைக்கில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா தம்பி?"

"நீங்க ஒரு போன் போட்டிருக்கலாம்லா அண்ணாச்சி?"

அவன் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னான். "சொல்லணும்னுதான் இருந்தேன். ஆனா பழைய கேபிள் நல்லாருக்குன்னு தெரிஞ்சா மறுநாளே எழுதிப் போட்டுருவீய. எழுதினா நான் மாட்டிக்கிடுவேன். அந்தப் பயத்துலதான் சொல்லல."

இந்த ஊரில் என்னைச் சரியாகச் சந்தேகப்பட்டவன் அவன் ஒருவன்தான்.

காண்ட்ராக்டர் அடுத்த வாரமே அவனை நிறுத்திவிட்டார். நான் போய்ப் பேசினேன். நல்லவன், நமக்கெல்லாம் உதவி செய்கிறவன் என்று என்னென்னவோ சொன்னேன். "நீங்கதான எழுத்துல குடுத்திருக்கீய அண்ணாச்சி. இப்ப வாயால வந்து நல்லவன்னு சொன்னா நான் எத எடுத்துக்கிட?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவனுடைய வீட்டுக்குப் போகலாம் என்று அச்சன்புதூர் வரை ஒரு நாள் பைக்கில் போனேன். ஊர் எல்லையில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மனைவி என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆணையத்தின் உத்தரவு வந்தது. நசுங்கிய ஜோடியைச் சரி செய்து தர வேண்டும், பழைய கேபிளில் இரண்டாவது ஜோடியும் தர வேண்டும். நான் கேட்டது அத்தனையும் கிடைத்தது. அந்த வேலைக்குத் திறந்த குழிகளுக்கு மறுபடி மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டு சீல் வைத்தோம். பதினொரு லாட்ஜும் கையெழுத்துப் போட்டன. மேனேஜர் ஒரு பை நிறைய ரம்புட்டான் கொடுத்தனுப்பினார். வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை, அழுகிப் போனதும் மனைவி எடுத்துக் கொட்டினாள்.

ஆடியில் நல்ல சாரல். அருவியில் வரிசை நிற்க இடமில்லாத ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு என் இரண்டு லைனும் ஒரே நேரத்தில் போயிற்று.

மெஷினை வைத்தேன். இரண்டிலும் ஒரே எண். வளைவில் இருக்கிற குழி. கம்பெனியின் இலவச எண்ணுக்கு போன் போட்டேன். ஒரு பெண் குரல் மரியாதையாகப் புகார் எண் கொடுத்தது. மூன்று வேலை நாட்களில் சரி செய்யப்படும் என்றது. சனி, ஞாயிறு வேலை நாள் இல்லை என்றும் அதுவே சொன்னது. புதிதாகப் போட்டிருக்கிற லைன்மேனின் நம்பர் கேட்டேன். அப்படிக் கொடுக்க அனுமதி இல்லை சார் என்றது.

சாமான் பையை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போனேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. குழிக்குப் பக்கத்தில் வாய்க்கால் வேலைக்காக மண் தோண்டியிருந்தார்கள். தோண்டின இயந்திரம் கேபிள்களைச் சற்று இழுத்துவிட்டுப் போயிருக்கிறது, அறுக்கவில்லை. மேலேயே தெரிந்தது. மேனேஜர் விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தார். அதை எடுக்காமல் லைன்மேனுக்குப் போட்டேன். இரண்டு மாதமாகப் போடாத போன். எடுப்பான் என்று நினைக்கவில்லை, எடுத்தான். சுரண்டையில் கடைகளுக்கு கேமரா மாட்டுகிற வேலை பார்க்கிறானாம்.

நடந்ததைச் சொன்னேன். ஒரு கேள்விகூடக் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அறுந்திருக்காது அண்ணாச்சி. டப்பாவுக்குக் கீழ ரெண்டு கேபிளயும் சுருட்டி வச்சிருக்கேன். வெளிய இழுத்ததுல அந்தச் சுருள் இறுகி மடங்கிருக்கும். மூடியத் தொறந்து நிமித்தி விட்டாப் போதும், லைட் வந்துரும். பத்து நிமிச வேல."

"நீ வருதியா தம்பி?"

 போனில் கடைத் தெரு ஹாரன்கள் கேட்டன.

"முந்தி அது என் குழி அண்ணாச்சி. இப்ப நான் வந்து தொறந்தா திருடன்னு எழுதுவாவ. நீங்களே தொறங்களேன். ஒங்களுக்குத் தெரியாத வேலையா?"

போனை வைத்துவிட்டான். கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. அக்கறையாகத்தான் வழி சொன்னான். இதில்கூட ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று ஒரு கணம் யோசித்தேன். இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பையிலிருந்து கம்பியை எடுத்துக்கொண்டு குழி மூடியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மூடியின் குறுக்கே சீல் அப்படியே இருந்தது. காகிதத்தில் மூன்று கையெழுத்து, நடுவில் இருப்பது என்னுடையது. இத்தனை நாள் சாரலில் ஓர் எழுத்துகூட அழியவில்லை. பிளாஸ்டிக் உறை போடச் சொன்னவனும் நான்தான்.